ஓனரம்மாவுக்கு நான் அனுப்பாத கன்னட மெசேஜ்

வேலை ரொம்பச் சின்னது. கீழ் வீட்டு ஓனரம்மா அனுப்புற வாய்ஸ் மெசேஜுக்குப் பதில் சொல்லணும்.

ஜெயம்மா நல்லவங்கதான். நேர்ல தமிழ் பேசுவாங்க, ஆனா மெசேஜ் எல்லாம் கன்னடம்! ஓசூருக்கு வந்து ஆறு வருஷம் ஆகியும் எனக்குத் தெரிஞ்ச கன்னடம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு 'ஊட்டா ஆய்தா', அதாவது சாப்பிட்டாச்சா. இன்னொண்ணு 'கொத்தில்லா', தெரியாது.

அந்த வாரம்தான் எங்க பேக்டரியில ஏஐ ஏஜென்ட் செய்யறது எப்படின்னு அரை நாள் டிரெய்னிங் கொடுத்தாங்க. உடனே நானும் ஒண்ணு செஞ்சேன். அவங்க மெசேஜைக் கேட்டு, அதுவே என் பேர்ல கன்னடத்துல பதில் எழுதி அனுப்பிடும்.

அதுக்கு நான் சொன்னது மூணே விஷயம். "மரியாதையா பேசு. எதையும் மறுக்காதே. என்னைத் தொந்தரவு பண்ணாதே."

மூணாம் நாள் கீழேயிருந்து பிசிபேளாபாத் வந்துச்சு. அஞ்சாம் நாள், என் ஸ்கூட்டி நிறுத்த நிழலா இடம் கொடுத்தாங்க. நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். சுடிதார்ல காலர் இல்ல, இருந்தாலும்!

பத்தாம் நாள், ஞாயித்துக்கிழமை காலையில கதவைத் தட்டினாங்க. பட்டுப்புடவை, தலை நிறைய பூ.

"சுமதி, ரெடியா? கார் வந்தாச்சு."

"எங்கம்மா போறோம்?"

"என்ன இப்படிக் கேக்கற? அத்திப்பள்ளிக்கு, என் பொண்ணு மஞ்சுளாவுக்கு மாப்பிள்ளை வீடு பாக்க. 'மஞ்சுளா எனக்குத் தங்கச்சி மாதிரி, நானே வந்து பேசறேன்'னு எழுதினியே!"

'எதையும் மறுக்காதே'ன்னு நான் சொல்லி வச்சது அப்பதான் ஞாபகம் வந்துச்சு.

"அவர் போனதுக்கு அப்புறம் என்னை இப்படி யாரும் விசாரிச்சதே இல்ல சுமதி. என் பொண்ணுகூட 'தூங்கினியா'ன்னு கேக்க மாட்டா. நீ தினமும் கேட்ட." அவங்க கண்ணு கலங்கிடுச்சு.

இதுக்கப்புறம் 'அது நான் இல்லம்மா'ன்னு எந்த வாயால சொல்றது?

என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "நீ போயிட்டு வா. நான் வந்தா சிரிச்சுடுவேன்"னு கதவைச் சாத்திட்டார் மனுஷன்.

மாப்பிள்ளை வீட்ல இருபது பேர். எடுத்த எடுப்புலயே நம்ம கன்னடத்தைக் காட்டிடலாம்னு மாப்பிள்ளையோட அம்மாகிட்ட, "ஊட்டா ஆய்தா?"ன்னேன்.

மணி பத்தரை. 'ஐயோ பாவம், பசி போல'ன்னு நினைச்சு ஒரு தட்டு உப்புமாவை என் கையில கொடுத்துட்டாங்க. எனக்கு மட்டும்!

வாய் நிறைய உப்புமா இருக்கும்போது மாப்பிள்ளையோட சித்தப்பா என்கிட்ட ஏதோ கேட்டார். எனக்குப் புரிஞ்சது அது கேள்விங்கறது மட்டும்தான். எல்லாரும் என்னையே பார்க்கறாங்க.

"கொத்தில்லா"ன்னேன்.

ஜெயம்மா முகம் வெளுத்துப் போச்சு. என் காதுகிட்ட குனிஞ்சு சொன்னாங்க, அவர் கேட்டது, "பொண்ணு குணம் எப்படி?"

இனிமே மறைச்சா ஒரு கல்யாணம் நின்னுடும். உப்புமாவை முழுங்கிட்டு எழுந்து நின்னேன். "மன்னிச்சிடுங்க. எனக்குக் கன்னடம் தெரியாது. மெசேஜ் எழுதினது நான் இல்ல, நான் செஞ்ச கம்ப்யூட்டர் புரோகிராம். ஆனா மஞ்சுளாவை எனக்கு நல்லாத் தெரியும். எனக்கு டெங்கு வந்தப்ப லீவு போட்டு நாலு நாள் ஆஸ்பத்திரியில கூடவே இருந்தா. கோபம் வரும். அஞ்சு நிமிஷத்துல அவளே வந்து பேசிடுவா."

மாப்பிள்ளையோட அம்மா என் கையைப் பிடிச்சாங்க. "நான் பொறந்ததே தமிழ்நாட்டு ராயக்கோட்டைதாம்மா. இதை மொதல்லயே தமிழ்ல சொல்லியிருக்கலாமே!"

அங்கேயே தட்டு மாத்திட்டாங்க.

திரும்பி கார்ல வந்தோம். ஜூஜுவாடி தாண்டினதும் ஜெயம்மா மெதுவா கேட்டாங்க. "அப்போ இத்தனை நாள் என்கிட்ட பேசினது மனுஷங்களே இல்லையா?"

"இல்லம்மா. மன்னிச்சிடுங்க."

"எதுவா இருந்தா என்ன, அது நல்ல பொண்ணு"ன்னாங்க.

போன வாரம் கல்யாணப் பத்திரிகை கொடுத்தாங்க. ரெண்டு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அதுக்கு.