ரப்பர் ஷீட்டுக்குள் போன ஊமைப்படம்

கூச்சம் உள்ளவன் கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பதுதான் எல்லோருக்கும் நல்லது. அதை மறந்து ஒரே ஒருமுறை முன்னால் வந்தேன். அதன்பிறகு என் பேச்சை என் வீட்டில்கூட யாரும் நம்புவதில்லை.

எங்கள் கோயில் திருவிழாவுக்கு ஒரு சிரிப்பு நாடகம். மாமியாருக்குப் பயந்து அலமாரிக்குள் ஒளியும் மாப்பிள்ளை நான். (நடிக்கவே வேண்டாம், வீட்டில் இருப்பதுபோல் இரு என்றார்கள்.) மாமியார் வேஷம், நாடகம் எழுதிய கூட்டாளி ஜஸ்டினுக்கு. ஒத்திகையில் என் வாய் திறந்தது; சத்தம் வரவில்லை.

ஜஸ்டின் தலையில் அடித்துக்கொண்டான். "ஏலே, உனக்கு முழிக்க மட்டுந்தான் தெரியும். அது போதும். இத ஊமைப்படமா எடுத்துத் திரையில போட்டிருவோம்."

எடுத்தோம். முழித்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? மனைவி ஸ்டெல்லா படத்தைப் பார்க்கும் முன்பே, குலசேகரத்திலிருந்து தன் வீட்டார் அத்தனை பேரையும் அழைத்துவிட்டாள். அவர்கள் என்னை ஓர் ஆளாக மதிக்கப்போகும் முதல் நாள் அது.

திருவிழாவுக்கு முந்தின நாள் கருங்கல் ஊரில் உள்ள ஸ்டுடியோவில் கொடுக்கச் சொல்லி மெமரி கார்டை ஜஸ்டின் என்னிடம் தந்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு (வேலை கெடக்கூடாதே!) முதலில் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போனேன். பாலைத் தட்டுகளில் ஊற்றி, அது உறைய, குனிந்து ஆசிட் கலந்தேன். பிறகு பஸ் ஏறினேன். ஸ்டுடியோவில் பையைத் துழாவினால், ஒரு ரப்பர் இலை இருந்தது.

ஓடி வந்தேன். அதற்குள் உறைந்த பாலை ஸ்டெல்லா ரோலரில் கொடுத்து, ஷீட்டுகளைக் கொடியில் போட்டிருந்தாள். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றில் ஏதோ தடித்திருந்தது. கீறி எடுத்தேன். ரோலர் கார்டை நொறுக்கியிருந்தது.

"படம் வேற எதுலயும் இல்லியா மக்கா?" என்று ஜஸ்டினைக் கேட்டேன்.

"கேமராவே இரவல், லே! வேற எதுல இருக்கும்?" என்றான். அப்புறம் என்னோடு பேசவில்லை.

மறுநாள் வெள்ளைத் திரை வெறுமனே காற்றில் ஆடியது. முன்வரிசையில் இருந்த என் நிஜ மாமியார் ஜஸ்டினைக் கூப்பிட்டார். "மக்கா, எங்க மருமவன் நடிச்சாருண்ணு இவ சொன்னாளே, உள்ளதா?"

ஜஸ்டின் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இவனா? நாடகத்துல ஒரு வரி பேசத் தெரியாதவன் படத்துல நடிப்பானாம்மா?"

மச்சான்மார் சிரித்தார்கள். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். நான் படத்தில் முழித்ததுபோலவே முழித்தேன்.

இன்றைக்கும் அவர்கள் வீட்டில் யார் அளந்துவிட்டாலும், மச்சான் கோதையாற்றில் பிடித்த மீனின் நீளமானாலும், "நம்ம மருமவன் நடிச்ச படம்" என்பார்கள்.

போன மாதம் நெஞ்சு வலிக்கிறது என்றேன். ஸ்டெல்லா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"இதும் நீங்க நடிச்ச படந்தானா?"

வாயுதான். இருந்தாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம்.