நானே மாமாவும் செப்புக் கம்பிச் சுருளும்

பம்பாய் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், பிறத்தியார் கையில் ஒரு வேலையைக் கொடுக்க நானே மாமா அளவுக்குப் பயந்த மனிதர் கிடைத்திருக்க மாட்டார். தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டவர் அவர். அது தப்பான பல் என்று அப்புறம்தான் தெரிந்தது. சரியான பல்லையும் பிறகு அவரே பிடுங்கிக்கொண்டார். முடிவெட்டுவதும் அவரே, பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாததால் அங்கே மட்டும் மேடு பள்ளமாக இருக்கும். எதைக் கேட்டாலும் "நானே பண்ணிக்கறேன்" என்பார். அவருடைய சொந்தப் பெயர் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.

யுத்தம் முடிந்ததும் அவர் குமாஸ்தாவாக இருந்த ஆபீசை இழுத்து மூடிவிட்டார்கள். அனுப்பும்போது கொடுத்ததை வைத்துக்கொண்டு, ராணுவம் ஏலம் விட்ட பழைய வேன் ஒன்றை வாங்கி வந்தார். தாராவியில் தோல் பட்டறை நடத்திய திருநெல்வேலிக்காரர் லெப்பை பாய், தன் சரக்கைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போகும் வேலையை அவருக்குக் கொடுத்தார். பாலக்காட்டுப் பிராமணர் தோல் ஏற்றுகிறாரே என்று கட்டடமே மூக்கைப் பிடித்துக்கொண்டது. மாமி மட்டும் பிடித்துக்கொள்ளவில்லை. "அடுப்பு எரியறதோல்லியோ, அந்த வாசனை போறும்" என்றாள்.

கொஞ்ச நாள் எரிந்தது. ஒரு நாள் காலை மாமா வண்டியைக் கிளப்பும் பித்தானை அமுக்கினார். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு ஒரு தகர டப்பா இருக்கும். அதற்குள் செப்புக் கம்பிச் சுருள். பித்தானை அமுக்கினால் சுருளில் மின்சாரம் ஓடி, அது காந்தமாகி ஒரு இரும்புத் தண்டை இழுக்கும். அப்போதுதான் எஞ்சினுக்குத் தூக்கம் கலையும். மெக்கானிக்குகள் அதை சாலினாய்டு என்பார்கள். மாமாவின் சாலினாய்டு இழுக்க மறுத்துவிட்டது. முன்பக்கம் செருகிச் சுற்றும் கைப்பிடியோ ஏலத்திலேயே வரவில்லை. ஆகவே தினமும் காலையில், ஆபீஸ் உடுப்போடு நாங்கள் நாலைந்து பேர் வண்டியைத் தள்ளிக் கிளப்பிவிட்டு, கறுத்த உள்ளங்கையோடு ரயிலேறினோம்.

தாதரில் ஒரு சர்தார்ஜியின் பட்டறைக்கு மாமாவை வற்புறுத்தி அழைத்துப் போனேன். சர்தார்ஜி டப்பாவைத் தட்டிப் பார்த்தார்.

"கோல்னா மத். இதர் சோட்கே ஜாவ்" என்றார். திறக்காதே, இங்கே விட்டுவிட்டுப் போ.

"எப்போ கிடைக்கும்?" என்றார் மாமா.

"ஜஹாஸ் ஆனே தோ."

புதுச் சுருள் சீமையிலிருந்துதான் வரணுமாம், கப்பல் வரட்டுமாம். எந்தக் கப்பல், எப்போது என்பதை அவர் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரையும் நிறுத்தி யோசனை கேட்டார்.

"சர்தார்கிட்ட விட்டா வண்டி அங்கேயே நிக்கும். லெப்பை வேற ஆளைப் பாத்துப்பார். நானே திறந்தேன்னு வச்சுக்கோ, ஒண்ணு சரியாகும். இல்லேன்னா..."

"இல்லேன்னா?" என்றேன்.

"அதைத்தான் யோசிக்கறேன்."

சர்தாரிடம் விடுங்கள் என்று சொன்னவர்களிடமெல்லாம், லெப்பை பாய் உட்பட, வாதாடி ஜெயித்தார். நீங்களே பாருங்கள் என்று வாய்தவறிச் சொன்ன ஒருவரைக் கட்டிக்கொண்டார். மாமி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பல்லுன்னா வாய் நிறைய இருந்தது. வண்டி ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

மறுநாள் டப்பா திறந்து கிடந்தது.

சுருளில் ஓரிடம் கருகியிருந்தது. அதுவரை கம்பியைப் பிரித்து, வெட்டி ஒட்டித் திரும்பச் சுற்ற வேண்டும். பிரித்த கம்பி சிக்காமல் இருக்க, வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மேலும் கீழுமாகக் கட்டினார். எல்லா வீட்டு வாசலிலும் போய், "யாரும் தொடப்படாது, கேட்டேளா? மேல்பூச்சு உரிஞ்சா சுருள் செத்துப்போகும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். குழந்தைகள்கூடக் குனிந்து போனார்கள்.

சாயங்காலம் நான் வந்தபோது அந்தக் கம்பியில் ஒரு ஈர வேஷ்டி தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, இது ஆர் வேஷ்டி?"

எட்டிப் பார்த்தவரின் முகம் வெளுத்துவிட்டது. தன் துணியைத் தானே துவைத்துத் தானே உலர்த்துகிறவர் அவர் ஒருவர்தான். வேஷ்டியை மெல்ல எடுத்தார். கம்பியை விரலால் தடவிக்கொண்டே வராந்தா முழுக்க நடந்தார்.

"ஒண்ணும் ஆகலை" என்றார். அதை அவர் நம்பினதாகத் தெரியவில்லை.

ஆனாலும் சுற்றிப் பூட்டிப் பித்தானை அமுக்கியபோது வண்டி உறுமிற்று. மாமி வாசலுக்கு ஓடிவந்தாள். மாமா எஞ்சினை அணைத்து, மறுபடி கிளப்பி, மறுபடி அணைத்தார். அன்று அவர் சிரித்த மாதிரி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை லெப்பை பாயின் பெரிய சரக்கு கப்பலேற வேண்டும். நானும் கூடப் போனேன். நல்ல மழை. துறைமுகத்துக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்ற இடத்தில் எஞ்சின் அணைந்தது. மாமா பித்தானை அமுக்கினார். டப்பாவிலிருந்து புகை வந்தது. இருவரும் இறங்கித் தள்ளிப் பார்த்தோம். அத்தனை தோலோடு அந்த வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. மாட்டு வண்டி தேடிப் பிடித்துச் சரக்கை மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது துறைமுகக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

லெப்பை பாய் குடையோடு வந்து சேர்ந்தார். நனைந்த தோலைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"என்ன ஐயரே, சர்தாருட்ட குடுத்துருமின்னு சொன்னேம்லா?"

"சொன்னேள்."

"பின்ன?"

"நானே..." என்று ஆரம்பித்தார் மாமா.

லெப்பை பாய் திட்டவில்லை. "மழைல நிக்காதியும், வீட்டுக்குப் போம்" என்றார். அதற்குப் பிறகு சரக்கும் கொடுக்கவில்லை.

மழைக்காலம் முழுக்க வேன் தெருவிலேயே நின்றது. மாமா அதன் பக்கமே போகவில்லை. ஒரு நாள் மாமி என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"பார்பர்கிட்ட போயிட்டு வந்திருக்கார்."

பார்த்தேன். பின்பக்கம் வழவழவென்று சமமாக இருந்தது. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கடைசியில் தாராவியில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் வேனை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். மாடு கட்டி இழுத்துப் போனார்கள். திருப்பங்களில் ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று மாமா உள்ளே ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடையில் வண்டியை விட்டுவிட்டுக் கால்நடையாகத் திரும்பினோம். பாதி வழியில்தான் அவருக்குத் தோன்றிற்று.

"உனக்கு இன்னிக்கு ஆபீஸ் இல்லையோ?"

"இல்லை மாமா" என்றேன்.

ஆபீஸ் இருந்தது. அவர் மெதுவாகத்தான் நடந்தார். நானும் மெதுவாக நடந்தேன்.