கேளாத கேள்விக்கு விடை சொல்பவர்

வாசகரே, கேள்வி பிறக்கும் முன்னரே விடையைப் பெற்றெடுத்துவிடும் ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. காப்பிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டால், தாய்வழியில் நீரிழிவு இறங்கிய வரலாற்றிலிருந்து தொடங்குவார்கள். பேருந்தில் ஏறினால், தம் கார் ஏன் பட்டறையில் கிடக்கிறது என்பதை ஓட்டுநருக்கு அறிவித்த பின்னரே அமர்வார்கள். யார் கேட்டார்கள்? யாருமே கேட்கவில்லை. இவ்வினத்தின் முதல் இலக்கணம் அதுதான்.

அமெரிக்காவின் டொலிடோ நகரத்துக் கிடங்கொன்றில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் டுவேன் ப்ருவிட் இவ்வினத்தின் பழுதற்ற மாதிரி. பதினோராம் வகுப்பில் பள்ளியை விட்டவர், நாற்பதை நெருங்கும்போது தேர்வெழுதிப் பள்ளிப் படிப்புக்கு நிகரான சான்றிதழ் பெற்றார். பெற்ற அன்றே அதற்குச் சட்டமிட்டு மாட்டினார். மாட்டிய அன்றே, வந்தவர்களிடமெல்லாம் அது பள்ளிச் சான்றிதழ் அன்று என்று மன்னிப்புக் கேட்கவும் தொடங்கினார்.

ஊர்ச் சமுதாயக் கல்லூரியின் மாலைநேர வெல்டிங் வகுப்பில் சேர வேண்டும். பகலில் கிடங்கு, ஆகவே மாலை வகுப்பைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். அக்கல்லூரி வாசலுக்கு வந்த எவரையும் படிப்புப் போதாதென்று திருப்பியனுப்பியதில்லை என்பதை ஊரே அறியும். டுவேனோ திருமணத்துக்கு வாங்கிய கோட்டை அணிந்து, சுவரிலிருந்த சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார்.

"காலேஜுக்குப் போறியா, கோர்ட்டுக்குப் போறியா?" என்றாள் மனைவி ட்ரீனா.

"கேட்டா காட்டணும்ல?"

"கேட்டா காட்டு. கேக்காம வாயத் தொறக்காத."

சேர்க்கைச் சாளரத்தில் மார்வெட்டா என்ற பெண்மணி இருந்தார். சட்டத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார்.

"இதெதுக்கு, கண்ணு? தேர்வு நடத்துறவங்களே மதிப்பெண்ண நேரா எங்களுக்கு அனுப்பிடுவாங்க. போன வாரமே வந்தாச்சு, உன்னச் சேத்தும் ஆச்சு. எந்த வகுப்புன்னு மட்டும் சொல்லு."

ஒரே சொல் போதும். ஆனால் இனப்பண்பு விடுமா? தந்தைக்கு முதுகு போனது, தாம் பள்ளியை விட்டது, கணக்கு ஆசிரியர் உதட்டைப் பிதுக்கியது, நிகர்த்தேர்வு அவ்வளவு கடினமில்லை என்று சிலர் நினைப்பது, அவ்வாறு நினைப்பது தவறு என்பதற்குத் தம்மிடமுள்ள சான்றுகள் என்று டுவேன் ஒழுங்காக, காலவரிசைப்படி, ஒன்றும் விடாமல் எடுத்துரைத்தார். பக்கத்துச் சாளரத்தில், இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி, "வெல்டிங். சாயங்காலம்" என்றாள். அவ்வளவுதான். சென்றுவிட்டாள்.

மார்வெட்டா திரையை நோக்கினார். "எந்த வகுப்பு சொன்ன?"

"இன்னும் சொல்லலங்க. மாலை வெல்டிங்."

"கடைசி இடம் இப்பத்தான் போச்சு, கண்ணு."

டுவேன் சட்டத்தின் கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்தார். "என் வாய்க்கு பிரேக் போட்டாலும், ஏன் பிரேக் போட்டேன்னு சொல்லிட்டுத்தாங்க நிக்கும்," என்றார். மார்வெட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"காத்திருப்போர்ல மொத ஆளாப் போடுறேன். வகுப்பு தொடங்கின வாரம் யாராவது வராம நின்னுடுவாங்க. கூப்பிட்டா வருவியா?"

டுவேன் மூச்சை இழுத்தார். மார்வெட்டா விரலை உயர்த்தினார். "ஒத்த வார்த்த."

"வர்றேன்."

அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வியர்த்துவிட்டது. கதவுவரை நடந்தவர், திரும்பி வந்து, "எதுக்கு அப்படிச் சொன்னேன்னா, கிடங்குல எனக்கு ஷிப்ட்டு..." என்று தொடங்கினார். சாளரத்தில் அடுத்த ஆள் நின்றிருந்தார். டுவேன் அவரிடம் தொடர்ந்தார்.

நகைக்கிறீர்கள், வாசகரே, நகையுங்கள். 'நான் அப்படிப்பட்டவன் அல்லன், ஏனென்றால்...' என்று உள்ளத்துக்குள் ஒரு வாக்கியம் எழுகிறதா? யாரும் உங்களைக் கேட்கவில்லை.