மோதிரத்தோடு மாநிலம் தாண்டியவன்

நிச்சயதார்த்த மோதிரங்களைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்து மாநிலத்துக்கு ஓடிப்போன மாப்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (கல்யாண மாப்பிள்ளை இல்லை, வீட்டின் மூத்த மாப்பிள்ளை. அதனால்தான் நம்பிக் கொடுத்தார்கள்.)

அப்போது ஜெர்சி சிட்டியில் இருந்தோம். நியூஜெர்சியில் போனிலேயே பந்தயம் கட்டச் சட்டம் அனுமதித்திருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூயார்க்கில், இன்னும் இல்லை. நாம் எங்கே நிற்கிறோம் என்று செயலி பார்த்துக்கொண்டே இருக்கும். மன்ஹாட்டனில் கால் வைத்ததும் கதவைச் சாத்திவிடும். பத்து டாலர் கட்டிவிட்டு, கிரிக்கெட் ஞானத்தில் உலகில் எனக்கு நிகரில்லை என்று திரிந்த நாட்கள் அவை.

மச்சினன் கார்த்திக்கின் நிச்சயதார்த்தம் மன்ஹாட்டனில், ஞாயிறு காலை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். அதற்குள் மோதிரம் மாற்றியாக வேண்டும். பத்தரைக்கு வரவேண்டிய ஐயர் டிராபிக்கில் மாட்டிக்கொண்டார்.

"இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகுமாம்," என்றார் மாமனார்.

சென்னையில் மேட்ச் தொடங்கியிருந்தது. எனக்குக் கை அரித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூஜெர்சியின் நியூபோர்ட் ஸ்டேஷனுக்குப் போய்வர முக்கால் மணி போதாதா?

"ரெஸ்ட்ரூம் போயிட்டு வரேன்," என்று மனைவி சுதாவிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். நியூபோர்ட்டில் இறங்கி, மேலே ஓடி, தொடக்க ஆட்டக்காரர் அரைசதம் அடிப்பார் என்று இருபது டாலர் கட்டினேன். அடுத்த பந்திலேயே அவர் அவுட்.

திரும்பும் ரயில் ஆற்றுக்கு அடியில் நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை. எதற்கோ பையில் கைவிட்டபோதுதான் மோதிரப் பெட்டி தட்டுப்பட்டது. திறந்து பார்த்தேன். எதிரே இருந்த அமெரிக்கப் பாட்டி, "ஓ, கங்கிராஜுலேஷன்ஸ்! ஷீ வில் சே எஸ்!" என்று என் முழங்காலைத் தட்டினார்.

மண்டபத்துக்குள் ஓடி நுழைந்தபோது மணி பன்னிரண்டு இருபது. எல்லோரும் சாம்பார் சாதத்தில் இருந்தார்கள். மாமியாரும் மாமனாரும் தங்கள் மோதிரங்களையே கழற்றிக் கொடுத்து, நல்ல நேரத்திலேயே காரியத்தை முடித்திருந்தார்கள். முப்பது வருடம் கழற்றாத மோதிரமாம். மாமனாரின் விரலுக்கு முக்கால் சோப்பு செலவானதாம்.

"ரெஸ்ட்ரூம்ல ரொம்பக் கூட்டமோ?" என்றாள் சுதா. அவள் நீட்டிய போனில், அப்போதே படம்பிடித்து வைத்திருந்த வரைபடம். நியூஜெர்சிக் கரையில் என் பெயரோடு ஒரு நீலப் புள்ளி. பந்தயத்துக்காக நான் நிரூபித்த அதே இடத்தை என் போன் அவளுக்கும் காட்டியிருந்தது.

மாமனார் சிவந்த விரலை ஊதிக்கொண்டே எழுந்தார்.

"விடும்மா. மாப்ளய நான்தான் சோப்பு வாங்க அனுப்பிச்சேன்."

"ஆத்தைத் தாண்டியாப்பா?"

"அந்தப் பக்கம் சேல்ஸ் டேக்ஸ் கம்மிம்மா."

சிரிப்பில் என் மானம் பாதி போய், பாதி மிஞ்சியது.

பிறகு நியூயார்க்கும் அனுமதித்துவிட்டது. ஆற்றைத் தாண்டத் தேவையில்லை. நாங்கள் டெக்சாஸுக்கு, ரிச்சர்ட்சனுக்கு வந்துவிட்டோம். இங்கே சட்டம் அனுமதிக்காததால் அந்தச் செயலி திறப்பதே இல்லை. "புது டேக்ஸ் ரூல் பாத்தீங்களா மாமா? ஜெயிச்சதுலேருந்து தோத்ததை முழுசா கழிக்க முடியாதாம். இனிமே ஜெயிக்காமலே வரி கட்டலாம்," என்று கார்த்திக் போனில் சீண்டினான். மாமனார் இன்று இல்லை. அவர் மோதிரத்தைத்தான் அவன் போட்டிருக்கிறான். நான் சுமந்துபோனது பெட்டியிலேயே கிடக்கிறது.

கடையிலோ கோயிலிலோ ஐந்து நிமிடம் நான் கண்ணில் படாவிட்டால், இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த மகளிடமிருந்து போன் வந்துவிடும்:

"அப்பா, விச் ஸ்டேட் ஆர் யூ இன்?"