லிஸ்ட்டில் இருக்கும் வீடு

எங்கள் பேரூராட்சியின் செயல் அலுவலர் திரு. தமிழ்மணி அவர்கள் சாக்கடையை ஆய்வு செய்ய இங்கிலாந்து போனார். காரிமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருச் சாக்கடையைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால் பன்னிரண்டு நாள் பயணமாகத் தூரத்துச் சாக்கடைக்குக் கிளம்பினார். போய்ப் பார்த்தால் அந்தப் பழைய ஊரில் சாக்கடை மண்ணுக்கு அடியில் ஓடுகிறதாம். கண்ணுக்கே தெரியாததை எப்படி ஆய்வு செய்வது? வேறு வழியின்றி பழைய வீடுகளையும் பழைய சர்ச்சுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அவர் வந்த வாரம் நானும் அப்பா ராஜப்பனும் ஆபீசுக்குப் போனோம். எங்கள் மண்வீட்டின் மேற்குச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. ஐப்பசி மழைக்கு முன்னால் இடித்துக் கட்டியாக வேண்டும். இடியும் நிலையில் உள்ள வீடுகளைக் கட்டிக்கொடுக்கும் திட்டத்தில் எங்கள் பேர் மூன்று வருஷமாக இருக்கிறது. ஆணை மட்டும் வரவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு நான் சும்மா இருப்பதால் மனு எழுதுவது என் வேலை.

"சார், எங்க வூடு லிஸ்ட்ல இருக்குதுங்க," என்றேன்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மனு கொடுக்க வந்தவருக்காக அந்த ஆபீசில் யாரும் எழுந்ததாக வரலாறு இல்லை. அப்பா பயந்துபோய் வாசலைப் பார்த்தார்.

"லிஸ்ட்லயா? கோவிந்தன், ஃபைலை எடுங்க!"

கிளார்க் கோவிந்தன் எடுத்தார். வரிசை எண் பதினேழு.

"பாரும்மா, நான் போன ஊர்ல ஒரு வூடு லிஸ்ட்ல ஏறிட்டா, வூட்டுக்காரரே ஒரு ஜன்னலைக்கூட மாத்த முடியாது. அவ்வளவு மரியாதை!"

"சார், அது பழைய வூட்டைக் காப்பாத்துற லிஸ்ட்டுங்க. இது இடிச்சுக் கட்டுற லிஸ்ட்டு."

"உங்க வூடு பழசா, புதுசா?"

"பழசுதாங்க."

"லிஸ்ட்ல இருக்கா, இல்லையா?"

"இருக்குதுங்க."

"அப்புறம் என்ன?"

இதற்குப் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இருந்திருந்தால் மனப்பாடம் செய்திருப்பேன்.

மூன்றாம் நாள் வந்து சுவரில் நீல நிற வட்டப் பலகை அடித்தார்கள். ஆணி இறங்கியதில் ஒரு சட்டி மண் கொட்டியது. 'இவ்வில்லத்தில் திரு. ராஜப்பன் அவர்கள் வாழ்ந்தார்' என்று எழுதியிருந்தது.

"வாழ்ந்தாரா? நான் இன்னும் சாவலீங்களே!" என்றார் அப்பா.

"அந்த ஊர்ல இப்படித்தான் போடுவாங்களாம்," என்றார் கோவிந்தன். "வாழ்றாருன்னு போட்டா என்னைக்காச்சும் மாத்த வேண்டி வருமில்ல?"

"பலகை சரிங்க. மழைக்கு என்ன பதிலு?" என்றாள் அம்மா செல்லம்மாள்.

"அது வேற செக்சன்மா."

அடுத்த தெருவில் ஒரு தகரக் கொட்டகை சர்ச் இருக்கிறது. நான் ஒன்பதாவது படிக்கும்போது போட்டது. ஓட்டைத் தகரத்தை மாற்ற அனுமதி கேட்ட பாவத்துக்கு அதற்கும் ஒரு பலகை: 'பழமை வாய்ந்த தேவாலயம்'. "கட்டி நாலு வருசந்தாங்க ஆச்சு," என்று பாஸ்டர் எவ்வளவோ சொன்னார். "பரவால்லீங்க, பலகை நாப்பது வருசம் தாங்கும். அதுக்குள்ள சரியாயிடும்," என்றார் கோவிந்தன்.

பிறகு எங்கள் வீட்டுக்குப் பார்வை நேரம் வந்தது. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை; திங்கள் விடுமுறை. அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று ஒட்டினார்கள். அம்மா கயிற்றைத் தாண்டித் தாண்டித்தான் களி கிண்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். மூலையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து ஒரு பொடிசு, "மிஸ், இது பொம்மையா, நெசமா?" என்று கேட்டது. மிஸ் யோசித்தார்.

ஐப்பசி மழை, பார்வை நேரத்தை மதித்து ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் வந்தது. நாங்கள் மூன்று பேரும் வெளியே இருந்தோம். மேற்குச் சுவர் விழுந்தது. கூரையும் மற்றச் சுவர்களும் கூடவே போயின. பலகையை அடித்திருந்த துண்டுச் சுவர் மட்டும் நின்றது.

நனைந்தபடியே ஆபீசுக்கு ஓடினேன்.

"சார், வூடு விழுந்துருச்சு! இப்பவாச்சும் லிஸ்ட்ல இருந்து எடுங்க. நாங்களே கட்டிக்கறோம்."

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்குக்கூட அவர்மேல் ஒரு நிமிஷம் மரியாதை வந்தது.

"அந்த ஊர்ல கூரையில்லாத சர்ச் ஒண்ணு இருக்கும்மா. அதைப் பாக்கத்தான் கூட்டம் அள்ளுது. உங்க வூடு இனிமே முதல் தரம்!"

இடிபாட்டைப் பார்க்க வருபவர்கள் நனையக்கூடாது என்பதால், பக்கத்திலேயே தகவல் மையம் கட்டினார்கள். மூன்று வருஷம் வராத ஆணை மூன்றே நாளில் வந்தது. காங்கிரீட் கூரை, ஃபேன், குழாய்த் தண்ணீர். தகவல் சொல்ல ஆள் வேண்டுமே! தற்காலிகப் பணியாளராக என்னைப் போட்டார்கள். பார்வையாளர் யாரும் வருவதில்லை. அம்மாவும் அப்பாவும் பின்னறையில் இருக்கிறார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுக் கருப்பண்ணன் மாமா வந்து மேசை முன்னால் நின்றார்.

"வெண்மதி, எங்க வூடும் ஒழுவுது. சுவரு தானா விழ மாட்டேங்குது. ராத்திரியெல்லாம் புள்ளைங்க தூங்கலம்மா. கொஞ்சம் தள்ளிவுட்டா எங்களையும் லிஸ்ட்ல சேப்பாங்களா?"

பாவமாகத்தான் இருந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சொன்னேன்:

"மனு எழுதிட்டு நாளைக்கு வாங்க மாமா. இன்னைக்குத் திங்கக்கிழமை, லீவு."