நாற்றப்பேய் ஓட்டிய மணச்சாமி

அந்த நாலு மாடிக் குடியிருப்பில் அன்று காலை படியேற வழியில்லை. படியெல்லாம் ஆட்கள். ஆட்கள் கையிலெல்லாம் குப்பைப் பை. காய்ச்சல்கண்ட பிள்ளையை டாக்டரிடம் தூக்கிப் போவதுபோல் பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு வரிசை கட்டியிருந்தார்கள்.

மேலே மணச்சாமி எழுந்தருளியிருந்தார். நாற்றப்பேய் ஓட்டுவதில் கைதேர்ந்தவர். மற்ற சாமியார்கள் மோட்சம் தருவார்கள். கிடைத்ததா இல்லையா என்று செத்த பிறகுதான் சரிபார்க்க முடியும். இவரோ உயிரோடு இருக்கும்போதே குப்பை நாற்றத்தைப் போக்குகிறார். கூட்டம் வராமல் என்ன செய்யும்?

வேலை சுத்தமாக நடக்கும். முதலில் ரட்சைத் தைலம். மூக்குக்கு நேர் கீழே, மேலுதட்டில், விரல் நிறைய அப்புவார். கற்பூரக் காரம் மண்டைக்கு ஏறும். கண்ணில் தண்ணீர் கொட்டும். "பேய் மூக்கு வழியாத்தான் உள்ள போகும். வாசல அடைச்சிட்டேன்," என்பார். பிறகு பையைத் திறந்து ஏதோ ஒரு தூளை வீசி, ஏதோ முணுமுணுத்து, "இப்ப மோந்து பாரு" என்பார்.

"ஐயோ, நாத்தமே இல்ல சாமி!"

எப்படி இருக்கும்?

கடைசியில் மந்திரக் கயிற்றால் பைக்கு மூன்று முடிச்சு. அடுத்த முறை சாமி வரும்வரை பையை வெளியே போடக்கூடாது. அவிழ்த்தால் பேய் வீட்டுக்காரியைப் பிடித்துக்கொள்ளும். சோறு, மீன் முள், பழத்தோல், பால் உறை எல்லாம் ஒரே பைக்குள் மூச்சுமுட்டிக் கிடக்க, நாலைந்து நாளில் பை விருந்துக்குப் போய்வந்த வயிறு மாதிரி உப்பிவிடும். நாறும். ஜனங்கள் அலறிக்கொண்டு சாமியிடமே ஓடுவார்கள். "பேய் கோபமாயிருக்கு. பெரிய டப்பா தைலம் வாங்கிக்கோ." வியாதியும் அவரே, வைத்தியமும் அவரே. இப்படிப்பட்ட தொழிலில் நஷ்டம் வருமா?

வரிசையில் முதல் ஆள் மாடி டீச்சர். பள்ளியில் அறிவியல் எடுப்பவர். அங்கே எடுத்ததை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவார்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றவனைக் குடியிருப்பில் எல்லோரும் 'புதுசு' என்றுதான் கூப்பிடுவார்கள். பிழைப்புக்கு வந்தவன், லிஃப்ட் பழுது பார்ப்பவன். தங்க இடம் தேடி அவனும் அவனுடைய அக்காவும் ஏறி இறங்காத வாசல் இல்லை. 'எந்த ஊரு?' என்று கேட்டவுடனே பாதிக் கதவு மூடிக்கொண்டது. கடைசியாகத் திறந்தது இந்தக் கீழ்த்தளத்து ஒற்றை அறை. அக்கா அதில் தையல் மெஷினைப் போட்டுத் துணி தைக்கிறாள். அந்த அறையைத்தான் இப்போது சாமி பிடுங்கப் பார்க்கிறார்.

ஏனென்றால், எவ்வளவு தைலம் விற்றும் நாற்றம் போகவில்லை. யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். சாமி குச்சியை நீட்டினார். குச்சி ஆடியது. கீழே, புதுசு அறை வாசலில் குப்பை போட்டு வைத்திருந்த பீப்பாயைப் பார்த்து நின்றது.

"அந்தப் பீப்பாய்தான்! உடம்பெல்லாம் ஓட்டை. ஓட்டை வழியா பேய் வந்து போயிட்டிருக்கு. பீப்பாயும் போகணும், வந்தவங்களும் போகணும்."

அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் புதுசைப் பார்த்தார். "தம்பி, இன்னைக்கே காலி பண்ணிடுங்கப்பா. எனக்கு உங்க மேல கோபமில்ல. பேய் மேலதான்."

"அண்ணே, எங்க போவோம்ணே?" புதுசு பக்கத்தில் நின்ற அக்காவின் பக்கம் திரும்பினான். "அக்கா, பீப்பாயைத் தூக்கிப் போட்டுடலாம்க்கா. கால்ல விழுந்துடலாம்."

"விழுந்து? நாளைக்கு மெஷின்ல பேய் இருக்கும்பான். அடுத்து உன் மண்டையில. சும்மா இருடா." அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "அண்ணே, ஒரே ஒரு சோதனை. எங்க பீப்பாய்லேருந்து ஒரு வாளி. நீங்க கட்டி வெச்ச மந்திரப் பை இன்னொரு வாளியில. சாமி கண்ணைக் கட்டிட்டு மோந்து பாத்து, எது நாறுது, எதுல பேய் இருக்குன்னு சொல்லட்டும். சரியா சொன்னா மெஷினைத் தலையில வெச்சிட்டுப் போயிடறோம்."

"என்னையே சோதிக்கிறியா?"

"பேயையே ஓட்டுறீங்க, வாளிக்கு பயமா சாமி?"

கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த கூட்டத்தின் முன் மறுத்தால் பிழைப்பு என்னாவது? சாமி தலையாட்டினார். அக்கா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் முதல்ல சோப்புப் போட்டு மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க."

"கழுவக்கூடாது!" சாமி துள்ளினார். "ரட்சை போயிடும்!"

"பேயைப் புடிக்கிறது நீங்க. எங்களுக்கு எதுக்கு ரட்சை?"

மாடிக் குழாயில் எல்லோரும் கழுவினார்கள். சாமி மட்டும் கழுவவில்லை. மாறாக, கழுத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு விரல் தைலத்தை அப்பிக்கொண்டார். பாவம், பழக்கதோஷம்.

அக்கா ஒரு துணியால் அவர் கண்ணைக் கட்டினாள். வாளிகள் வந்தன. வீட்டுக்காரரே தன் பையின் மூன்று முடிச்சையும் கத்தியால் அறுத்தார். அவ்வளவுதான். 'புஸ்' என்றது பை. டீச்சர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஒருவர் "அம்மாடியோவ்" என்று கத்தப்போக, அக்கா விரலை உதட்டில் வைத்தாள். கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு நெளிந்தது.

புதுசு வாளிகளையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்தான். குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிட்டால்?

சாமி முதல் வாளியில் குனிந்தார். பீப்பாய்க் குப்பை, மழை நின்ற பிறகு தோட்டத்தில் வருமே, அந்த மண்வாசம். இரண்டாவதில் குனிந்தார். மீன் முள்ளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்தார். முகம் மலர்ந்தது.

"ஆகா! இதுதான் நான் கட்டின பை. என்ன ஒரு சுகந்தம்! என் மந்திரம் மணக்குது!"

டீச்சர் வாந்தி எடுத்தார்.

"சாமி பையைச் சரியாத்தான் சொல்லிட்டாரு," என்றாள் அக்கா. "ஆனா எங்க உயிரை வாங்குற நாத்தம் அவருக்கு மட்டும் மணக்குதாம். இப்ப கட்டை அவுத்து, உதட்டைத் தொடைச்சிட்டு இன்னொரு தடவை மோந்து பாருங்க."

வீட்டுக்காரரே தோளில் கிடந்த துண்டால் சாமியின் மேலுதட்டை அழுத்தித் துடைத்தார். சாமி ஒரே ஒரு மூச்சுதான் இழுத்தார். "உவ்வே!" கண் பிதுங்க, குச்சியைப் போட்டுவிட்டுப் படி பக்கம் ஓடினார். தைல டப்பாக்கள் உருண்டன. பேயை ஓட்டியவரைக் குப்பை ஓட்டியது.

வீட்டுக்காரர் பீப்பாய் வாளியில் கையை விட்டு அள்ளி மோந்தார். "இது ஏம்மா நாறல?"

"மூச்சு விடுதுல்ல அண்ணே, அதான். காய்கறித் தோல் மட்டும்தான் போடுவோம். மீன், எண்ணெய்ச் சோறு போட மாட்டோம். போட்டவுடனே மேல காஞ்ச இலை, கிழிச்ச அட்டை. தண்ணி கோத்தா கிளறி விடுவோம். ஓட்டை காத்துக்கு, பேய்க்கு இல்ல. பால் உறை, பாட்டிலெல்லாம் அலசித் தனியா வெச்சாப் பழைய சாமான்காரர் வாங்கிட்டுப் போறாரு. மீன் முள்ளை அன்னன்னைக்கே குப்பை வண்டியில போட்டுடணும், கட்டி வெச்சுக் கும்பிடக் கூடாது."

"நானே வகுப்புல நடத்தியிருக்கேன்," என்றார் டீச்சர், வாயைத் துடைத்துக்கொண்டு.

"நடத்தினீங்க டீச்சர். மோந்து பாக்கல."

வீட்டுக்காரர் புதுசின் தோளில் கைபோட்டார். "தம்பி, நீங்க எங்கயும் போக வேணாம். எனக்கும் ஒரு பீப்பாய்க்கு ஓட்டை போட்டுக் குடுங்க." புதுசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று அக்காவுக்கே தெரியவில்லை.

ஐயாமாரே, அம்மாமாரே! இந்தச் சாமி போனால் இன்னொருவர் வருவார், இன்னொரு டப்பாவோடு. யார் உங்கள் முகத்தில் எதைப் பூச வந்தாலும், அதற்குமுன் ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். அதற்கு மூக்கு போதும். மூக்குக்குக் கொஞ்சம் மேலே ஒரு சாமான் வைத்திருக்கிறீர்களே, அதையும் அப்பப்போ திறந்து காற்று விட்டால் நல்லது. மூடியே கிடந்தால் அதுவும் நாறும்.