சிஞ்ஞோராவின் பனிச் சப்பாத்து

குளிர் நாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் எனக்கு ஒரு வருத்தம் பிடிக்கும். தெரியாததெல்லாம் தெரியும் என்று சொல்லிவிடுவேன். (மற்ற வருத்தங்களுக்கெல்லாம் மருந்து எடுத்திருக்கிறேன். இதற்கு மட்டும் யாரும் எழுதித் தரவில்லை.)

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம், நோர்வேயிலிருந்து இவருடைய அக்கா பலெர்மோவில், பிரான்காச்சோப் பக்கமிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். மச்சாளுக்கு ஊரில் ஒன்றும் பிடிக்கவில்லை. லிஃப்ட் வேலை செய்யாது, பஸ் நேரத்துக்கு வராது, குப்பை அள்ளுகிறார்கள் இல்லை என்றார். எல்லாம் உண்மை. அதனால்தான் எனக்குக் கூடுதலாக எரிந்தது. கடைசியில், இங்கே இருக்கிற உங்களுக்குப் பனியென்றால் என்னவென்றே தெரியாது என்றார்.

வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றியிருக்கலாம். பனி கொட்டும் மதோனியே மலை காரில் கிட்டத்தான், நான் வருசா வருசம் போய்ச் சறுக்குகிறனான் என்று சொன்னேன். இத்தனை காலம் யாரோடு குடும்பம் நடத்தினேன் என்பதுபோல இவர் என்னைப் பார்த்தார். மச்சாள், அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமையே போவம் என்றார்.

நான் வேலை செய்யும் வீட்டு சிஞ்ஞோராவிடம் சறுக்குப் பலகையையும் சப்பாத்தையும் இரவல் கேட்டேன். சிஞ்ஞோரா நல்ல உயரம். சப்பாத்து என் காலுக்கு இரண்டு அளவு பெரிது. மலையில் உன் அளவுக்கே வாடகைக்கு எடுக்கலாமே என்றார். வருசா வருசம் சறுக்குகிற பெண்ணுக்கு வாடகைச் சப்பாத்தா? இவருடைய கம்பளிக் காலுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் காலை உள்ளே விட்டேன். தலையணையில் வைத்தமாதிரிச் சுகமாக இருந்தது. சுகமாக இருந்தால் அளவு சரி என்று முடிவுகட்டினேன். என் மூளையின் கொள்ளளவு அன்று அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் எங்களோடு வந்தாள். மலையில் மச்சாள் சப்பாத்தைப் பார்த்துவிட்டுப் பாடம் எடுத்தார். குதி பின்பக்கம் ஒட்டி இருக்கவேண்டும், எழும்பக்கூடாது, விரல் மட்டும் கொஞ்சம் அசையலாம். என் குதியோ கிணற்று வாளிபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இறுக்கமாகப் போட்டால் எனக்குச் சரிவராது என்று பெரிய வீராங்கனைபோல் சொன்னேன்.

சின்னப்பிள்ளைகள் பழகும் சரிவில், நின்ற இடத்திலேயே விழுந்தேன். மச்சாள் பார்த்துவிட்டார். எழும்பிய வேகத்தில், கெண்டைக்காலைச் சுற்றியிருந்த கொளுக்கிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். அது முதல் முட்டாள்தனத்தையும் விஞ்சியது. மேலே தூக்குக்கயிறு, கீழே நீச்சல்குளம். கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போனது. காலுக்குக் கீழே பலகை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

இருந்தது. அது தன்பாட்டில் புறப்பட்டது.

கீழே ஒரு குடும்பம் மேசை போட்டு இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தது. (பலெர்மோக்காரர் பனிக்குப் போவதே அதற்குத்தான்.) பின்னாலிருந்து மகள் "அம்மா, ஃப்ரேனா" என்று கத்தினாள், பிரேக் பிடிக்கட்டுமாம். கால் இரண்டையும் திருப்பினேன். சப்பாத்துக்குள் அவை ஒழுங்காகத் திரும்பின. பலகை மட்டும் இறைச்சி வாசத்தைப் பிடித்துக்கொண்டு நேரே போனது. அடுப்படியில் நின்ற மனிதர் என்னைக் கண்டதும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். நான் மேசைக்கு அடியில் போய் நின்றேன். தோடம்பழ சலாட் கோப்பையோடு என் தலையில் கவிழ்ந்தது.

மச்சாள் அழகாக வளைந்து வந்து நின்று, குனிந்து பார்த்தார்.

"நீர் ஏன் திரும்பேல்லை?"

"நான் திரும்பினனான் மச்சாள். சப்பாத்துத்தான் திரும்பேல்லை."

பலெர்மோ வந்து இறங்கியபிறகு மச்சாள் சிரித்தது அப்போதுதான். சிரிப்புத் தாங்காமல் பனியிலேயே குந்திவிட்டார். அந்தக் குடும்பம் எங்கள் எல்லாருக்கும் பாணுக்குள் இறைச்சி வைத்துத் தந்தது. மச்சாள் இன்னொன்று கேட்டு வாங்கினார்.

என் பெருவிரல் நகங்கள் கறுத்து விழுந்து, திரும்பவும் முளைத்துவிட்டன. அந்தப் பதில் மட்டும் விழவில்லை, வீட்டுப் பழமொழியாகிவிட்டது. படுக்கையில் கிடந்தபடி "எழும்பிட்டன்" என்று சொல்லும் மகளுக்கும் அதுதான், சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று பல்கனியில் நின்று சத்தியம் செய்யும் இவருக்கும் அதுதான். போன கிழமை, இனிமேல் இனிப்பே தொடமாட்டேன் என்று அறிவித்துவிட்டு நான் இரண்டாவது கன்னோலியை எடுத்தேன். இவர் போனிலிருந்து தலை நிமிரவில்லை.

"கால் திரும்பிட்டுது," என்றார். "சப்பாத்துக்குத் தகவல் இன்னும் போகேல்லைப் போல."